பதின்மூன்று வரி, ஏழு கட்டம்: பெஞ்சமின் பிராங்க்ளினின் குணத் திருத்த நோட்டு – ஒரு நிகழ்வு ஆய்வு

பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் பாரிஸை ஒட்டிய பாஸியில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, தன் வாழ்க்கை வரலாற்றின் இரண்டாம் பகுதியை எழுதினார். அதில் பெரும்பங்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைப் பற்றியது. இருபத்தைந்து வயதை ஒட்டி, தன் குணத்தைத் தானே சீர்செய்ய அவர் போட்ட நோட்டு அது. உளவியல் என்றொரு துறை அன்று கிடையாது. ஆனாலும் நடத்தை மாற்றத்துக்கு இன்று பயன்படுத்தப்படும் பல உறுப்புகள் அந்த நோட்டில் அப்படியே இருக்கின்றன. எந்த வரி கைகொடுக்கவில்லை, ஏன் என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் இதை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய முடிகிறது: நோட்டு எதை மாற்றியது, எதைத் தொடவே இல்லை, அந்தத் தொடாத இடங்கள் பிறகு எப்படி மாறின.

ஆளும் பின்னணியும்

1706 ஜனவரி 17 அன்று பாஸ்டனில் பிறந்தவர். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்றவர். அவருக்குப் பிள்ளைகள் மொத்தம் பதினேழு பேர். பிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டு ஆண்டு அளவுக்குத்தான். பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1723-இல் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். பிறகு ஒன்றரை ஆண்டு லண்டன் அச்சகங்களில் வேலை. 1726-இல் ஊர் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து, சிக்கனமாக இருப்பது, உண்மை பேசுவது, உழைப்பது, யாரைப் பற்றியும் தீங்கு பேசாமல் இருப்பது என்று தனக்கொரு நடத்தைத் திட்டம் எழுதினார். நோட்டின் முன்வரைவு என்று அதைச் சொல்லலாம். 1730-க்குள் சொந்த அச்சகம், ஒரு செய்தித்தாள், குடும்பம் எல்லாம் அமைந்துவிட்டன.

திருத்த வேண்டியது என்ன என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. தன் பிழைகளை அச்சுத் தொழிலின் வழக்கப்படி 'பிழைதிருத்தப் பட்டியல்' போலக் குறிப்பிடுகிறார். அண்ணனை ஏமாற்றிவிட்டு வந்தது ஒன்று. வேறொருவருக்காக வசூலித்துத் தன்னிடம் இருந்த பணத்தைக் கையாண்டது இன்னொன்று. மணம் பேசியிருந்த டெபோராவுக்கு லண்டனிலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது மற்றொன்று. இவற்றோடு பேச்சுக் குணமும் சேர்ந்துகொண்டது. வாதத்தில் எதிராளியை மடக்குவதில் அவருக்கு ருசி இருந்தது. வெட்டிப் பேச்சும் சிலேடையும் நாக்கில் ஊறியிருந்தன.

நோட்டு எப்படி இருந்தது

முதலில் பட்டியல். மிதமான உணவும் குடியும், வீண்பேச்சு தவிர்த்தல், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வஞ்சகமின்மை, நேர்மை, நிதானம், தூய்மை, பதற்றமின்மை, கற்பு, பணிவு. முதலில் எழுதியவை பன்னிரண்டுதான். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், 'ஊரில் உன்னைச் செருக்குள்ளவன் என்கிறார்கள். பேச்சில் நீ சொல்வது சரி என்பதோடு நிறுத்துவதில்லை, எதிரில் இருப்பவரை அமுக்கப் பார்க்கிறாய்' என்ற பொருளில் சொல்லி, உதாரணங்களையும் எடுத்து வைத்தார். அதன் பிறகுதான் பதின்மூன்றாவதாகப் பணிவு வந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு விளக்கம் எழுதினார். மிதம் என்றால் மந்தமாகும்வரை உண்ணாதே, தலைக்கேறும்வரை குடிக்காதே. வீண்பேச்சு தவிர்த்தல் என்றால் உனக்கோ பிறருக்கோ பயன்படாததைப் பேசாதே. பெயர்களைக் குறைத்து ஒவ்வொன்றிலும் நிறையக் கருத்துகளை அடைப்பதைவிட, பெயர்களைக் கூட்டி ஒவ்வொன்றின் எல்லையையும் சுருக்குவதே நல்லது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்.

பிறகு கட்டம். பக்கம் ஒன்றுக்குச் சிவப்பு மையில் ஏழு பத்திகள், நாளுக்கு ஒன்று. குறுக்கே பதின்மூன்று வரிகள், குணத்துக்கு ஒன்று. ஆக 91 சதுரங்கள். ஒவ்வொரு மாலையும் அன்றைய நாளைத் திரும்பப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தச் சதுரத்தில் கறுப்புப் புள்ளி வைப்பார். ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். அந்த வரியில் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற பன்னிரண்டு வரிகளும் வழக்கம்போல நடக்கும், ஆனால் தவறினால் அங்கும் புள்ளி உண்டு. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று.

அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டி அழிக்க அழிக்கத் தாள் ஓட்டையாகிவிட்டது. அதனால் கட்டங்களைத் தந்தத் தகடுகள் கொண்ட குறிப்பேட்டுக்கு மாற்றினார். கோடுகள் அழியாத சிவப்பு மையில், புள்ளிகள் பென்சிலில், ஈரப் பஞ்சால் துடைத்தால் புள்ளி மட்டும் போகும். கருவி கையை உறுத்தினால் பழக்கம் நிற்காது என்பது அச்சுத் தொழிலாளிக்குத் தெரிந்திருக்கிறது. இன்று நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நோட்டில் ஒரு நாள் அட்டவணையும் இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து 'இன்று என்ன நன்மை செய்யப்போகிறேன்?' என்ற கேள்வி. எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை. பன்னிரண்டு முதல் இரண்டு வரை படிப்பும் கணக்குப் பார்ப்பதும் சாப்பாடும். மறுபடி ஆறு வரை வேலை. அதன்பின் பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தல், இரவு உணவு, இசை, பேச்சு, 'இன்று என்ன நன்மை செய்தேன்?' என்ற கேள்வி. பத்து மணிக்குப் படுக்கை.

ஏன் வேலை செய்தது

வரிசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பதின்மூன்றையும் அவர் கண்மூடி அடுக்கவில்லை. உணவிலும் குடியிலும் மிதம் வந்தால் தலை தெளிவாக இருக்கும். பழைய பழக்கங்களைக் காவல் காக்க அந்தத் தெளிவு வேண்டும். அடுத்து வீண்பேச்சு அடங்கினால் காதால் கற்கலாம். ஒழுங்கு வந்தால் படிக்க நேரம் கிடைக்கும். உறுதி மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். சிக்கனமும் உழைப்பும் கடனை அடைத்துவிட்டால், வஞ்சகமின்மையும் நேர்மையும் எளிதாகும். கடைசிக் கணக்கு மிகக் கூர்மையானது. கடனில் இருப்பவன் பொய் சொல்லும் சூழலில் இருக்கிறான். அவனிடம் நேர்மையை உபதேசிக்கும் முன் கடனை இறக்க வழி பார்க்க வேண்டும். குணத்தைச் சூழ்நிலையோடு சேர்த்துப் பார்க்கும் இந்தப் பார்வை இன்றைய சுயமுன்னேற்றப் பேச்சுகளில் அநேகமாகக் காணாமல் போய்விட்டது.

இரண்டாவது, பதிவு. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 138 ஆய்வுகளை, ஏறத்தாழ 20,000 பேரின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இலக்கை நோக்கிய போக்கை அடிக்கடி கண்காணிப்பவர்கள் இலக்கை எட்டுவது கூடுகிறது. மனதுக்குள் நினைத்துக்கொள்வதைவிடக் கையால் பதிவது நல்லது, பிறருக்குத் தெரியும்படி சொல்வதும் பலனைக் கூட்டுகிறது என்று அது காட்டியது. பிராங்க்ளினிடம் கைப்பதிவு இருந்தது. பிறருக்குத் தெரிவிப்பது இந்த நோட்டில் இல்லை. அது வேறோர் இடத்தில் இருந்தது.

பதிவு தொடங்கியதும் அவருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. தான் நினைத்ததைவிட மிக அதிகமான குறைகள் தன்னிடம் இருந்தன என்கிறார். நோட்டு போடுகிற பலருக்கும் தொடக்கத்தில் இது நடக்கலாம். தவறு கூடியதால் அல்ல, கண் திறந்ததால் புள்ளி கூடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், 'எழுத ஆரம்பித்த பிறகுதான் மோசமாகிவிட்டேன்' என்று ஆள் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

இனி அவர் கணக்கின் பலவீனம். ஆண்டுக்கு நான்கு சுற்று என்றால் ஒரு குணத்துக்கு முழுக் கவனம் கிடைப்பது ஆண்டுக்கு 28 நாள். அதுவும் ஏழு ஏழு நாளாக, மூன்று மாத இடைவெளியில். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டோடு பழம், சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் போன்ற எளிய செயல்களே தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுவளவாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம்; 12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டு மதிப்பிட்டவை. அப்படியானால் ஏழு நாளில் கோபமோ செருக்கோ அடங்க வழியில்லை. அதே ஆய்வு ஆறுதலான ஒன்றையும் காட்டியது: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை. ஒரு புள்ளி விழுந்ததும் 'இன்றைக்குப் போச்சு, இனி நாளைக்குப் பார்க்கலாம்' என்று மிச்ச நாளையும் விட்டுவிடுகிற மனநிலைதான் கெடுக்கிறது. தவறை மட்டுமே குறிக்கும் நோட்டு அந்த மனநிலைக்குத் தீனி போடும்.

புள்ளியில் இன்னொரு சிக்கல் உண்டு. வகுக்கும் எண் இல்லாத எண்ணிக்கை அது. நாள் முழுக்கத் தனியாக அறையில் இருந்தவனுக்கு வீண்பேச்சு வரியில் புள்ளியே விழாது. அவன் திருந்திவிட்டான் என்று பொருளல்ல. சந்தையில் நாற்பது பேரிடம் பேசிவிட்டு இரண்டு முறை தவறியவன் உண்மையில் முன்னேறியிருக்கிறான். சந்தர்ப்பம் எத்தனை, தவறு எத்தனை என்று இரண்டையும் எழுதாத வரை நோட்டு பொய் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

ஒழுங்கு: தோற்ற வரி

பதின்மூன்றில் அவரை மிக அதிகமாக வதைத்தது ஒழுங்கு. காரணத்தை அவரே பகுத்துச் சொல்கிறார். கூலிக்கு அச்சுக் கோக்கும் தொழிலாளிக்கு நேரம் அவன் கையில். ஆனால் முதலாளி ஊரோடு பழக வேண்டும், வியாபாரத்துக்கு வருகிறவர்களை அவர்களுக்கு வசதியான நேரத்தில் பார்க்க வேண்டும். அவர் நேரம் பிறர் கையில். தாள்களையும் பொருள்களையும் அதனதன் இடத்தில் வைப்பதும் வரவில்லை. சிறுவயதிலிருந்தே அந்தப் பழக்கம் இல்லை; நினைவாற்றல் அபாரம் என்பதால், ஒழுங்கின்மையின் கஷ்டம் அவரை அவ்வளவாகக் கடிக்கவில்லை.

இரண்டும் நேரான நடத்தைப் பகுப்பாய்வு. முதல் காரணம், செயலைத் தூண்டும் குறி அவர் கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டாவது, தவறின் விலை உடனே தெரியவில்லை. இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில் எந்த நோட்டும் திணறும். அவர் இதைத் தன் குறையாக எண்ணி வருந்துகிறார். நாம் அப்படி எண்ண வேண்டியதில்லை. கடிகார நேரத்துக்குக் கட்டிய ஒழுங்கு, பிறர் நேரத்தில் வாழ்கிறவர்களுக்குப் பொருந்தாது. மளிகைக் கடைக்காரர், ஷிப்ட் மாறும் செவிலியர், வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆகியோர் 'காலை 6 மணிக்கு' என்று எழுதினால் வாரத்தில் நான்கு நாள் தோற்பார்கள். நேரத்தை விட்டுவிட்டு நிகழ்வோடு கட்ட வேண்டும்: ஷட்டரை இறக்கியதும் பில்களை ஒரே டப்பாவில் போடுவது, டியூட்டி மாற்றிக் கொடுத்ததும் பேருந்தில் ஏறும் முன் அன்றைய குறிப்பு எழுதுவது, குக்கர் வைத்ததும் மருந்துப் பெட்டியைச் சரிபார்ப்பது.

இந்த இடத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார். கோடரி முழுவதும் முனை போலப் பளபளக்க வேண்டும் என்று கேட்டவனிடம், சக்கரத்தை நீயே சுற்று, தீட்டித் தருகிறேன் என்றாராம் கொல்லர். சுற்றிக் களைத்தவன், 'புள்ளியுள்ள கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது' என்று வாங்கிக்கொண்டு போனான். பலரும் இப்படித்தான் கைவிடுகிறார்கள் என்று சொல்லும் பிராங்க்ளின், தனக்கும் அந்த எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. கடைசிவரை முழுமையை எட்டவில்லை, ஆனால் முயலாமல் இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட நல்ல மனிதனாகவும் மகிழ்ச்சியானவனாகவும் ஆனேன் என்பது அவர் தீர்ப்பு. எழுபத்தெட்டு வயதில் நினைவிலிருந்து, தன்னைப் பற்றித் தானே எழுதிய சாட்சியம் இது. அதற்குரிய எடையைத்தான் தர வேண்டும்.

பணிவு: எதிர்பாராமல் வென்ற வரி

பணிவின் சாரத்தைப் பெற்றதாகப் பெருமை சொல்ல முடியாது, தோற்றத்தை ஓரளவு பெற்றேன் என்கிறார். படிப்பவர்கள் இதை ஒப்புக்கொண்ட தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மதிப்பீட்டில் பதின்மூன்று வரிகளில் இதுதான் அதிக பலன் தந்தது.

பட்டியலில் பணிவுக்கு எழுதியிருந்த விளக்கம், இயேசுவையும் சாக்ரடீசையும் பின்பற்று என்பது. அதை வைத்து மாலையில் புள்ளி வைக்க முடியாது. எது தவறு என்றே தெரியாது. நடைமுறையில் அவர் அதை வேறொன்றாக மாற்றினார். 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லை' போன்ற சொற்களைப் பேச்சிலிருந்து நீக்கினார். 'எனக்குத் தோன்றுவது', 'இப்போதைக்கு எனக்குப் படுவது' என்று மாற்றிக்கொண்டார். யாராவது தவறாகச் சொன்னால் உடனே வெட்டிப் பேசும் சந்தோஷத்தைத் தனக்கு மறுத்தார். 'சில சமயங்களில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கும், இந்த விஷயத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது' என்று தொடங்கினார். முதலில் இயல்புக்கு எதிராக வலிந்து செய்தது, பிறகு அவ்வளவு எளிதாகிவிட்டது; ஐம்பது ஆண்டுகளில் தன் வாயிலிருந்து அடித்துப் பேசும் சொல்லை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்கிறார்.

ஏன் வென்றது? எண்ணம் செயலாயிற்று, செயல் கேட்கக்கூடிய சொல்லாயிற்று, சொல்லுக்கு எதிரிலிருப்பவர் முகத்தில் உடனே பலன் தெரிந்தது. உரையாடல் இனிதாக நடந்தது, தவறு என்று தெரிந்தபோது அவமானம் குறைந்தது, பிறர் அவர் பக்கம் வருவது எளிதாயிற்று. ஒழுங்கு வரியில் இல்லாத எல்லாம் இங்கே இருந்தன.

கூடவே ஒரு சபையும் இருந்தது. 1727-இல் அவர் தொடங்கிய ஜண்டோ என்ற குழு வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியது. அங்கே அடித்துப் பேசுவதும் நேருக்கு நேர் மறுப்பதும் நாளடைவில் தடைசெய்யப்பட்டு, மீறினால் சிறு அபராதம் கட்ட வேண்டியிருந்தது. தனி நோட்டில் பென்சில் புள்ளி, குழுவில் காசு. முன்னால் சொன்ன 'பிறருக்குத் தெரியும்படி' என்ற உறுப்பு இதுதான். நோட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜண்டோவை விட்டுவிடுவது பெரிய குறை. பணிவு என்ற வரியே ஒரு நண்பர் முகத்துக்கு நேரே சொன்னதால் வந்தது. பன்னிரண்டு குணங்களைத் தனியே உட்கார்ந்து யோசித்தவருக்கு, மிகவும் தேவைப்பட்ட பதின்மூன்றாவது தென்படவில்லை.

1787 செப்டம்பர் 17 அன்று, அமெரிக்க அரசியலமைப்பு மாநாட்டின் கடைசி நாளில், எண்பத்தொரு வயது பிராங்க்ளின் எழுதிய உரையை இன்னொரு உறுப்பினர் வாசித்தார். இந்த ஆவணத்தின் சில பகுதிகள் இப்போதைக்கு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் எப்போதும் உடன்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். வயதாக ஆக என் தீர்ப்பைச் சந்தேகிக்கிறேன் என்று அது தொடங்குகிறது. ஞானம் என்பதை இன்று அளக்க முயலும் ஆய்வாளர்கள், குறிப்பாகக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இகோர் கிராஸ்மன், தேடும் கூறுகள் இவைதான்: தன் அறிவின் எல்லையை உணர்தல், பிறர் நோக்கை எடுத்துக்கொள்ளுதல், நிலைமை மாறக்கூடும் என்று காணுதல், இணக்கத்தைத் தேடுதல். 'நிச்சயமாக' என்ற சொல்லை விலக்கத் தொடங்கியவர் அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்து நின்ற இடம் அது. தோற்றம் என்று அவர் தாழ்த்திச் சொன்னது சாரமாகியிருந்தது என்றே நாங்கள் வாசிக்கிறோம்.

பட்டியலில் இல்லாதவை

நேர்மை என்ற எட்டாவது வரியை வாராவாரம் பார்த்துப் புள்ளி வைத்த அதே மனிதர், அடிமைகளை வைத்திருந்தார். அவர் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. 1751-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அடிமைகள் இயல்பிலேயே திருடர்கள் என்ற பொருள்பட எழுதினார். அன்று மாலைகளில் எந்தப் புள்ளியும் விழுந்திருக்காது. நோட்டு அறிந்த தவறைத்தான் எண்ணும். தவறு என்றே தெரியாததற்கு அதில் கட்டமில்லை.

இந்த இடம் எப்படி அசைந்தது என்பது தெரிகிறது. 1763-இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த பள்ளிக்கு நேரில் போய், பிள்ளைகளைப் பரிசோதிப்பதை உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆண்டு டிசம்பர் 17 தேதியிட்ட கடிதத்தில், அவர்களின் இயல்பான திறன் பற்றி முன்பு கொண்டிருந்ததைவிட உயர்ந்த எண்ணம் வந்துவிட்டது என்றும், அவர்களுடைய கிரகிப்பும் நினைவும் கற்கும் ஆர்வமும் வெள்ளைக் குழந்தைகளுக்கு எல்லாவிதத்திலும் சமம் என்றும் எழுதினார். 1769-இல் பழைய கட்டுரை மறுபதிப்பானபோது, 'இயல்பிலேயே' என்றிருந்தது 'அடிமைத்தனத்தின் இயல்பால்' என்று மாறியது. 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 17 அன்று இறந்தார். மாற்றம் மெல்ல நடந்தது, அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தைகளைக் கண்ணால் கண்டது, சிவப்புக் கட்டங்கள் பல பத்தாண்டில் செய்யாததைத் தொடங்கி வைத்தது.

குடும்பத்துக்கும் வரி இல்லை. 1764-இல் லண்டன் போனவர் பத்தாண்டு மனைவியைப் பார்க்கவில்லை. 1774 டிசம்பரில் டெபோரா இறந்தபோதும் அங்கேதான் இருந்தார். புரட்சியில் பிரிட்டன் பக்கம் நின்ற மகன் வில்லியமுடன் உறவு கடைசிவரை ஒட்டவில்லை. மனத்தாங்கலை அதற்குரிய அளவுக்கும் குறைவாகவே வைத்துக்கொள் என்பது ஒன்பதாவது வரி. ஊராரிடம் அது பலித்தது, மகனிடம் பலிக்கவில்லை.

இன்று செய்து பார்க்க

பதின்மூன்று வேண்டாம், மூன்று வரி போதும். அவற்றில் ஒன்றையாவது உங்களோடு வாழ்கிறவரிடமோ வேலை செய்கிறவரிடமோ கேட்டு எழுதுங்கள். 'நான் எதை மாத்திக்கிட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் ஓர் உதாரணம் மட்டும் கேட்டு வாங்குங்கள். அந்த உதாரணம்தான் வரியின் விளக்கமாகும்.

உதாரணமாக, பதில் 'பிள்ளைகிட்ட கத்தாதீங்க' என்று வந்தால், குணத்தின் பெயரை எழுதாதீர்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரியக்கூடிய மூன்று செயல்களை எழுதுங்கள்: குரல் உயர்ந்தது, பாதிப் பேச்சில் வெட்டியது, பிள்ளையின் நோட்டைப் பிடுங்கியது. மூன்றில் எது நடந்தாலும் ஒரு தவறு. முதல் ஏழு நாள் எதையும் மாற்ற முயலாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தது ஆறு தடவை, தவறு நான்கு என்றால் 4/6 என்று எழுத வேண்டும். எந்த நேரத்தில், எதற்குப் பின்னால் வருகிறது என்பதும் ஓரத்தில் ஒரு சொல்லாக இருக்கட்டும்: பசி, ஆபீஸ் போன், மூன்றாம் தடவை அதே தப்பு.

எட்டாம் நாள், அதிகம் வந்த ஒரு தூண்டுதலை எடுத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'மகள் அதே கணக்கை மூன்றாம் தடவை தப்பாகப் போட்டால், நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, எந்த இடத்துல குழப்பமா இருக்கு சொல்லும்மா என்று கேட்பேன்.' இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதுவதன் பலனை 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் காட்டியிருக்கிறார்கள். பலன் நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இடைப்பட்டது. 'கத்த மாட்டேன்' என்று எழுதினால் வேலைக்காகாது. செய்யாமலிருப்பது ஒரு செயல் அல்ல. அந்த நொடியில் கைக்கும் வாய்க்கும் வேறு வேலை கொடுக்க வேண்டும். ஒரு வரிக்குப் பத்து வாரம் ஒதுக்குங்கள்.

வாரத்துக்குச் செய்ய முடிகிற அளவே எழுதுங்கள். குணத்தை மாற்ற விரும்பிய மாணவர்களுக்கு 15 வாரம் வாராவாரம் சிறு செயல்களைக் கொடுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்றுக்கொண்ட செயல்களைச் செய்து முடித்தவர்கள் மாறினார்கள். ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்கள் எதிர்த்திசையில் நகர்ந்தார்கள்.

மனச்சோர்வில் இருப்பவர்கள், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிறவர்கள், உணவைப் பற்றிய பயம் உள்ளவர்கள் தவறு எண்ணும் நோட்டைத் தனியே தொடங்கக் கூடாது. புள்ளிகள் அவர்களுக்குத் தண்டனையாகிவிடும். முதலில் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் பேசலாம்.

நோட்டு காணாத இடங்களுக்கு இன்னொரு பயிற்சி உண்டு. கிராஸ்மன் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றைய முக்கிய அனுபவத்தை நான்கு வாரம் படர்க்கையில் எழுதியவர்களுக்கு, தன்மையில் எழுதியவர்களைவிட, பிறரோடான சிக்கல்களை யோசிக்கும் விதம் பக்குவப்பட்டிருந்தது. செய்முறை எளிது. இரவில் நோட்டின் வலப்பக்கத்தில், அன்று ஒருவரோடு ஏற்பட்ட உரசலை உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். 'அத்தை பேசினதுக்கு எனக்குக் கோபம் வந்தது' என்பதற்குப் பதிலாக, 'அத்தை பேசியதும் செல்விக்குக் கோபம் வந்தது; அத்தை அன்று காலையிலிருந்து யாருடனும் பேசவில்லை' என்று. இரண்டாம் பாதி தானாக வந்து சேர்வதைப் பார்ப்பீர்கள். எதிரிலிருந்தவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். பத்து வரிக்கு மேல் போனால் வழக்கு வாதாட ஆரம்பித்துவிடுவீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை, முதல் வரியைச் சொன்னவரிடமே பக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் எண்ணிக்கையும் அவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் அவருடையதை எடுத்துக்கொண்டு விளக்கத்தைத் திருத்துங்கள். தொடர்ந்து மூன்று வாரம் பத்துக்கு ஒன்றுக்கு மேல் தவறு வராத வரியை நோட்டிலிருந்து எடுத்துவிடலாம். மூன்று மாதம் கழித்து ஒரு வாரம் மட்டும் மறுபடி எண்ணிப் பாருங்கள். பிராங்க்ளினும் பின்னாளில் ஆண்டுக்கு ஒரு சுற்று, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்று குறைத்து, கடைசியில் பயணங்களுக்கும் வேலைகளுக்கும் நடுவே விட்டேவிட்டார். புத்தகத்தை மட்டும் எப்போதும் உடன் வைத்திருந்தார்.